கடைசிப் பந்தியில் ஒரு லாஜிக் ஓட்டை

ஜூன் 5, வியாழன்

மோட்டார் போட்டா சத்தம் மட்டும் வருது, தண்ணி ஏறல. பிளம்பர் வந்தாப்ல. "எங்கருந்து வர்றே, எப்பக் கிளம்பினே, நடுவுல எங்க எறங்கினே"ன்னு கேட்டேன். செண்பகம் அடுப்படியில இருந்து, "அவரு குழாய் பார்க்க வந்திருக்காருங்க, டிக்கெட்டெல்லாம் கேக்காதீங்க"ன்னா. வேலையில சேர்ந்ததுல இருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் ரயில்ல டிக்கெட் செக் பண்ணினவன் நான். வாய் தானா கேக்குது. இதுல பொண்டாட்டிக்கு என்ன நக்கல்?

நாளைக்கு ஒரு படம் ரிலீஸ். பேரு 'பாயசம் ரெடி மாமா'. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஒரு சுவரு பாக்கி இல்லாம ஒட்டி வச்சிருக்கான். வாழைமரம், மாலை, நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு ஜோடி. டைரக்டர் பேரு அடியில பொடி எழுத்துல இருக்கு. அந்தப் பேரை நான் இந்த டைரியில எழுதறதில்ல. என் மக அபிராமியைக் கட்டினவன். நாலு வருஷமா அவங்க ரெண்டு பேரும் இந்த வாசப்படி மிதிக்கல, நானும் அந்தப் பக்கம் போகல. "அவன் வீட்டு விசேஷத்துல நான் கை நனைக்க மாட்டேன்"னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன். ஒருத்தன் வீட்டுல உட்கார்ந்து சோறு தின்னுட்டா, அப்புறம் உறவு இல்லேன்னு சொல்ல முடியாது. அதனாலதான் சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.

அதென்ன படத்துக்கு அப்படி ஒரு பேரு? எவனுக்கு எவன் மாமா?

சாயங்காலம் செண்பகம் மெதுவா ஆரம்பிச்சா. இருபத்திரெண்டாம் தேதி வத்தலக்குண்டுல, அவன் வீட்டுல, அபிக்கு வளைகாப்பு. வளையல் போட்டதும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுதான் முறை. "அப்பா நேர்ல வந்து, வாயைத் திறந்து கூப்பிட்டா வர்றேன், இல்லேன்னா மெட்ராஸ்லயே பெத்துக்கிறேங்கிறா. மாமியாரும் இல்லாத வீடுங்க. பக்கத்துல ஒரு பொம்பளை இல்லாம எப்படிங்க பெத்துப்பா? உங்க பிடிவாதம் அப்படியே உரிச்சு வச்சிருக்கு அவகிட்ட."

மோட்டாருக்கு வாஷர் வாங்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

டீக்கடையில ஜபருல்லா போனோட உட்கார்ந்திருந்தான். ரிட்டயர்டு லோகோ டிரைவர். அவன் ஓட்டின வண்டியில நான் டிக்கெட் பார்த்திருக்கேன், அந்தக் காலத்துச் சினேகம். 'இன்டர்வெல் இசக்கி'ன்னு ஒருத்தன் முதல் காட்சி பார்த்துட்டு அங்கயே நின்னு விமர்சனம் சொல்றான். அதைக் கடையே கேக்கற மாதிரி சத்தமா வச்சான்.

"மக்களே, லைட்டான படம். கல்யாண வீடு, கலாட்டா, நாலு பாட்டு. முதல் பாதி ஜாலி, ரெண்டாம் பாதி ஜவ்வு. ஹீரோயினோட அப்பா ஒருத்தர் வர்றாரு பாருங்க, பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வர்ற பால்காரன்கிட்டக்கூட எங்க ஏறினே, எங்க எறங்கினேன்னு கேக்கறாரு. தியேட்டரே சிரிக்குது. ஆனா கிளைமாக்ஸ்ல அவரு பண்றதுக்கு லாஜிக்கே இல்ல மக்களே!"

ஜபருல்லா சிரிச்ச சிரிப்புல டீ சட்டையில கொட்டிருச்சு. "யாரைப் பார்த்து எழுதினானோ!"

"அவன் பஸ்ஸுங்கிறான். நான் ரயிலு"ன்னேன்.

"ஆமாமா, பெரிய வித்தியாசம்"னான்.

கிளைமாக்ஸ்ல அந்த அப்பன் என்ன பண்றான்னு மட்டும் அந்த இசக்கி சொல்லல. சொன்னா படம் பார்க்கிறவங்களுக்குச் சுவாரசியம் போயிருமாம். எனக்கு அது தேவையும் இல்ல.

ஜூன் 7, சனி

வெங்காயம் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம். வர மூணு மணி நேரம் ஆயிருச்சு.

"வெங்காயம் எங்க?"ன்னா செண்பகம். விலை கட்டுப்படியாகல, வாங்கலன்னேன். "ஊருக்கெல்லாம் லாரி லாரியா வெங்காயம் அனுப்புற திண்டுக்கல்லயா கட்டுப்படியாகல?"ன்னு இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. நான் பேப்பரைப் பிரிச்சுட்டேன்.

சாப்பாடு இறங்கல.

பொதுவா ஒண்ணு எழுதி வைக்கிறேன், யாரையும் குறிச்சு இல்ல. பாயசத்தை டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறவனுக்குப் பாயசம் சாப்பிடத் தெரியலைன்னு அர்த்தம். இலையில விட்டு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வழிச்சுத் திங்கணும். சினிமாவுல நடிக்கிற ஆளுங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கறது?

ஜூன் 8, ஞாயிறு

பேப்பர்ல விமர்சனம் வந்திருக்கு. தலைப்பு: 'இனிப்பு உண்டு, முந்திரி இல்லை'. பாயசம்னு படத்துக்குப் பேரு வச்சா இவனுங்களுக்குக் கொண்டாட்டம். உள்ளே இப்படி: "திருமணத்துக்கு வர மாட்டேன், கை நனைக்க மாட்டேன் என்று படம் முழுக்க முறுக்கிக்கொண்டு திரியும் தந்தை, யாருக்கும் தெரியாமல் வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாராம். எந்த ஊரில் இப்படி ஒரு தந்தை இருக்கிறார் என்பதை இயக்குநர்தான் சொல்ல வேண்டும். மொத்தத்தில், ஒருமுறை பார்க்கலாம்."

எந்த ஊர்லயாம்! இவன் எத்தனை ஊரு பார்த்திருப்பான்? ஏ.சி. ரூமை விட்டு எறங்கியிருப்பானா? ஒரு மனுஷன் வாயில ஒண்ணு சொல்லுவான், காலு வேற பக்கம் போகும். ரயில்ல தினம் பார்த்தவன் நான். டிக்கெட் எடுத்தது ஒரு ஊருக்கு, எறங்கறது வேற ஊருல.

செண்பகம் பேப்பரை வாங்கிப் படிச்சா. "அப்படி ஒரு அப்பன் நெசமா இருந்திருந்தா என் மகளுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"ன்னுட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தா. நானும் பக்கத்துல உட்கார்ந்து ஆய்ஞ்சேன். "என்ன அதிசயமா?"ன்னா.

சாயங்காலம் டிவியில படத்தோட சக்சஸ் மீட். ரிலீஸாகி மூணாம் நாள், தியேட்டர்ல பாதி சீட்டு காலி, இங்க வெற்றி விழா. படம் விழுந்தாலும் கேக்கு வெட்டியே ஆகணும்கிறது அவங்க சம்பிரதாயம் போல. தயாரிப்பாளர் வெட்டி ஹீரோ வாயில திணிச்சாரு, ஹீரோ ஹீரோயின் வாயில திணிச்சாரு. என் மகளைக் கட்டினவன் ஓரமா நின்னான். ரொம்ப மெலிஞ்சுட்டான். ஒருத்தனும் அவனுக்கு ஒரு துண்டு குடுக்கல. டிவியை அணைச்சுட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மோட்டார் சரியாயிருச்சு. வாஷர் இல்லையாம், ஃபுட்வால்வாம்.

ஜூன் 10, செவ்வாய்

ஜபருல்லாவுக்கு இப்ப இதே வேலை. எங்க எவன் விமர்சனம் எழுதினாலும் தேடி எடுத்து வாசிக்கிறான். இன்னைக்கு ஏதோ இணையப் பத்திரிகையாம், ஒரு அம்மா எழுதியிருக்கு. சிரிக்கலாம்னு ஆரம்பிச்சான்.

"ஒரு சொல்லைச் சொல்லாமலேயே இந்தப் படம் இரண்டேகால் மணி நேரத்தை ஓட்டிவிடுகிறது. பெண்ணின் தந்தை ஏன் எதிர்க்கிறார்? மாப்பிள்ளை சினிமாவில் இருப்பதால் என்கிறது கதை. நம் ஊர் அப்பாக்கள் எதற்காக எதிர்ப்பார்கள் என்பது படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இயக்குநருக்கும் தெரியும். ஆனால் அவர் சிரிப்புக் காட்டி அந்தத் தந்தையைக் காப்பாற்றிவிட்டார். லேசான படம் என்று இதைப் பாராட்டுகிறார்கள். லேசாக்கப்பட்ட படம் என்பேன்."

ஜபருல்லா என் மூஞ்சியைப் பார்க்கல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "டீயில சர்க்கரை கம்மி"ன்னான். "ஆமா"ன்னேன்.

அந்த அம்மா சொல்றது சரி. அன்னைக்கு இந்த ஹால்ல அவனை நிக்க வச்சுக்கிட்டே நான் சொன்ன வார்த்தை சினிமாவைப் பத்தி இல்ல. அவனுக்கும் தெரியும், அபிக்கும் தெரியும். அதை அப்படியே படத்துல வச்சிருந்தான்னா இந்த அம்மா எழுந்து நின்னு கைதட்டியிருக்கும், அவனுக்கு நாலு அவார்டுகூட வந்திருக்கும். வைக்கல. என்னை ஒரு கோமாளியாக்கி விட்டுட்டான். அவ்வளவுதான் எனக்குத் தண்டனை.

இதுக்கு மேல எழுத முடியல.

ஜூன் 11, புதன்

வாரப் பத்திரிகை வந்துச்சு. நூத்துக்கு நாப்பத்தியொண்ணு மார்க். எழுதினவரு பெரிய விமர்சகராம், லேசுல யாரையும் பாராட்ட மாட்டாராம். அவரு மட்டும் அந்த சீனைத் தூக்கி வச்சு எழுதியிருக்காரு: "எல்லோரும் குறை சொல்லும் அந்தக் கடைசிப் பந்தியில்தான் படம் ஒரே ஒருமுறை உண்மை பேசுகிறது. சாப்பிட்டு முடித்த தந்தை இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுகிறார். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கம் மடித்தால், உறவு தொடரட்டும் என்று பொருள். வெளிப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். வந்தேன், தின்றேன், உன்னைத் தலைமுழுகினேன் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டுப் போகிறார் மனிதர். இயக்குநருக்கு ஒரு சபாஷ்!"

சபாஷாம்! தலைமுழுகினேனாம்! யாரை யாருய்யா தலைமுழுகினது? பெத்த பொண்ணையா? கல்யாணச் சாப்பாட்டைத் தின்னுட்டு எவனாவது கருமாதி மடி மடிப்பானா? ஒலகமே பொய்யுங்கிற சீன்ல அது ஒண்ணுதான் பொய்யி. அதைப் போயி உண்மைங்கிறான். மத்ததெல்லாம்

மோட்டாரை அணைக்கணும், தண்ணி வழியுது.

மத்தியானம் செண்பகம் அபிகூடப் பேசிட்டு வந்து உட்கார்ந்தா. எனக்குத் தெரியாம பேசறதா நினைப்பு அவளுக்கு. இன்னைக்கு அதையும் மறந்துட்டா. வெள்ளிக்கிழமையில இருந்து படத்தைப் பன்னிரண்டு நிமிஷம் குறைக்கிறாங்களாம். விமர்சனம் பூரா அந்தக் கடைசிப் பந்தியைத்தான் திட்டுதுன்னு தயாரிப்பாளர் அதைத் தூக்கச் சொல்லிட்டாராம்.

"மாப்பிள்ளை ஒரே அழுகையாம். பாட்டு, ஃபைட்டு எல்லாம் மத்தவங்க கேட்டதுக்காக எடுத்தேன், அது ஒண்ணுதான் எனக்காக எடுத்தேன்னாராம். அபி கேட்டிருக்கா, எங்கப்பாதான் கல்யாணத்துக்கு வரவே இல்லையே, இல்லாத ஒண்ணை எதுக்கு வச்சீங்கன்னு. அதுக்கு அவரு வாயே திறக்கலையாம்."

வாயே திறக்கலையா? அவகிட்டக்கூடவா?

"ஏங்க, என்னமோ மாதிரி இருக்கீங்க?"ன்னா செண்பகம். வெயில்னேன்.

ஜூன் 12, வியாழன்

வெங்காயம் வாங்கப் போனேன்.

சரி, படத்துக்குத்தான் போனேன். சனிக்கிழமை வெங்காயமும் திங்கக்கிழமை ஃபுட்வால்வும் இந்தக் கணக்குதான். மூணாவது தடவை. இந்த டைரியை எவன் படிக்கப் போறான், இதுல என்ன ஒளிவு மறைவு? நாளையில இருந்து அந்த சீன் இருக்காது. பத்துப் பதினஞ்சு பேர்தான் உட்கார்ந்திருந்தாங்க. முன்வரிசையில ஒருத்தன் தூங்கறான்.

அந்த சீன் வந்துச்சு. முகூர்த்தம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சாச்சு. கடைசிப் பந்தியில மேளக்காரங்க, சமையல்காரங்க, அவங்க ஓரத்துல அந்த அப்பன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. தூணுக்குப் பின்னாடி மாலையும் கழுத்துமா மாப்பிள்ளை நிக்கிறான். பார்த்துட்டான். பொண்ணு அந்தப் பக்கம் திரும்பப் போறா. அவன் என்னமோ மாலை சிக்கிக்கிச்சுன்னு சொல்லி அவளை இந்தப் பக்கம் திருப்பி நிறுத்தறான். பந்தியில பரிமாறுற ஆளைக் கூப்பிட்டுக் காதுல ஏதோ சொல்றான். அந்த ஆளு பாயச வாளியோட நேரா அப்பன்கிட்டப் போயி, "பாயசம் ரெடி மாமா"ங்கிறான்.

நாலு வருஷமா, இந்தப் படத்தைப் பார்க்கிற வரைக்கும், எனக்கு இது புரியவே இல்ல. முன்னப் பின்ன தெரியாத ஒரு பரிமாறுற ஆளு எதுக்கு என்னை மாமான்னான், எதுக்கு வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல ரெண்டு கரண்டி கூட ஊத்தினான்னு. குனிஞ்ச தலையை நான் நிமிரவே இல்ல, தூணையும் பார்க்கல, ஒண்ணையும் பார்க்கல. செண்பகம் மாடியில பொண்ணு ரூம்ல இருந்தா, அவளுக்குக்கூடத் தெரியாம தின்னுட்டு வந்துட்டேன். அவன் பார்த்திருக்கான். என் மானம் போகக் கூடாதுன்னு கட்டின பொண்டாட்டியைத் திருப்பி நிறுத்தியிருக்கான். நாலு வருஷமா மூச்சு விடல. கைக்குட்டையை எடுத்து வாயில வச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் அந்த நடிகன் எழும்போது இலையை வெளிப்பக்கம் மடிச்சான். மூணாவது தடவையா அதே தப்பு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்!

வெளிய வந்தா ஒரு பொண்ணு மைக்கை நீட்டுச்சு. ஐயா படம் எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னேன். வெயில் வேற. கொஞ்சம் கூடவே பேசிட்டேனோன்னு தோணுது. "இதைப் போட்டுறாதம்மா"ன்னேன். "சரிங்கய்யா"ன்னுச்சு. நல்ல பொண்ணு.

வெங்காயம் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

போட்டுட்டா.

ஜூன் 14, சனி

நேத்து டீக்கடைப் பக்கமே போகல. ஜபருல்லா வீட்டுக்கே வந்துட்டான், தெருமுனையிலயே "மாமா, பாயசம் ரெடியா?"ன்னு கத்திக்கிட்டு. உள்ள வந்தவன் செண்பகம் மூஞ்சியைப் பார்த்தான், "அப்புறம் வர்றேன்"னு அப்படியே திரும்பிட்டான்.

செண்பகம் போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சா. நான்தான். தலை கலைஞ்சு, கையில வெங்காயப் பை வேற. அந்தப் பொண்ணு கேக்குது, "கிளைமாக்ஸ்ல லாஜிக்கே இல்லேன்னு எல்லாரும் சொல்றாங்களே ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" அதுக்கு நான் கத்தறேன்:

"லாஜிக்கு கெடக்கட்டும்மா! இலையை வெளிப்பக்கம் மடிக்கிறானே, அதை ஒருத்தனும் கேக்கலையே? கல்யாண வீட்டுல எவனாவது அப்படி மடிப்பானா? நான் என் பக்கந்தாம்மா மடிச்சேன்! என் பொண்ணு கல்யாணத்துல, கடைசிப் பந்தியில, என் கையால என் பக்கம் மடிச்சேன்! அந்த டைரக்டர்கிட்டப் போய்ச் சொல்லு!"

பொண்ணு திகைச்சுப் போயி, "ஐயா, நீங்க..."ங்குது. நான், "இதைப் போட்டுறாதம்மா"ங்கறேன். அதையும் சேர்த்துப் போட்டிருக்கா.

செண்பகம் போனை டேபிள்ல வச்சா. நான் சிரிப்பான்னு நினைச்சேன், சரி அழுவான்னு நினைச்சேன். நெருப்பா வந்தா.

"மனுஷனாய்யா நீ? அன்னைக்கு என்னைத் தனியா அனுப்பி வச்சியே, அவ அப்பன் எங்க, அப்பன் எங்கன்னு வந்தவங்க எல்லாம் கேட்டாங்களே, ஒவ்வொருத்தர்கிட்டயும் உடம்பு சரியில்லேன்னு பொய் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போச்சே எனக்கு! நீ கீழ உட்கார்ந்து பாயசம் தின்னுக்கிட்டு இருந்தியா? பெத்தவ நான் அன்னைக்கு ஒரு வாய் சாப்பிடல, தெரியுமா உனக்கு?"

கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை 'நீ'ன்னு சொன்னதில்ல அவ.   அப்புறம் அவளே தரையில உட்கார்ந்து முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. "வந்திருக்கீங்களே, வந்துட்டு நாலு வருஷம் சொல்லாம இருந்திருக்கீங்களே, பாவி மனுஷா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. நானும் பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.

மத்தியானம் போன் அடிச்சுச்சு. செண்பகம் எடுத்துப் பார்த்துட்டு என் கையில குடுத்தா.

"மாமா"ன்னுச்சு குரலு.

"ம்"ன்னேன்.

"நீங்க உங்க பக்கமா மாமா மடிச்சீங்க?"

"பின்ன? எந்த மடையன் வெளிப்பக்கம் மடிப்பான்? உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. நீங்க எழுந்து போனதும் உங்க இலைகிட்ட வந்து நின்னேன். அது வெளிப்பக்கம் மடிஞ்சு கெடந்துச்சு. சரி, சாப்பிட வந்தாரு, சாப்பிட்டுட்டு அறுத்துட்டுப் போயிட்டாருன்னு நினைச்சேன். அதான் அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வர தைரியம் வரல. அபிகிட்ட எப்படிச் சொல்றது, உங்கப்பா வந்தாரு, ஆனா இலையை இப்படி மடிச்சாருன்னு?"

 நான் கண்ணால பார்த்து, கையால மடிச்ச இலை. அப்புறம் பொறி தட்டுச்சு. "இருப்பா. நான் உட்கார்ந்த எடத்துக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"பின்னாடி... சுவரு. அதுக்கு முன்னால ஒரு பெடஸ்டல் ஃபேன்."

"ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"ஆமா மாமா. பெரிய ஃபேன்."

"ஏன்யா, படம் எடுக்கறவன்தானே நீ? பின்னால இருந்து அந்தக் காத்து அடிச்சா மடிச்ச இலை நிக்குமா? மடிப்பைப் பிரிச்சு, என் பக்கத்துப் பாதியையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டிருக்கும்யா! ஒரு ஃபேனை நம்பி நாலு வருஷத்தை விட்டியேடா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். சிரிக்கிறானா அழறானான்னு தெரியல. எனக்கும் தெரியல, நான் என்ன பண்ணினேன்னு. நான்தான் ஆரம்பிச்சேன். "அன்னைக்கு நம்ம வீட்டு ஹால்ல நான் ஒரு வார்த்தை சொன்னேன்..."

"அதை நான் எடிட்டிங்லயே வெட்டிட்டேன் மாமா."

"நீ வெட்டிட்டே. எனக்கு அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான்யா இருக்கு. தப்புப்பா. என் வாயில வந்திருக்கக் கூடாது."

"சரிங்க மாமா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு மேல அவன் ஏதாவது சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்.

அபி பக்கத்துலதான் இருந்திருக்கா. போனை அவகிட்டக் குடுக்கறேன்னான். "வேண்டாம்"னேன். நேர்ல வந்து கூப்பிட்டாத்தானே வருவேன்னு சொன்னா? நேர்லயே கூப்பிட்டுக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்டர்வெல் இசக்கி என்னைப் பத்தியே ஒரு விமர்சனம் போட்டிருக்கான். 'படத்துல இல்லாத லாஜிக் இந்தத் தாத்தாகிட்ட இருக்கு மக்களே'ன்னு. தாத்தாவாம். இன்னும் பேரப்புள்ள பொறக்கல, அதுக்குள்ள.

செண்பகம் கட்டுச்சோத்துக்கு சாமான் லிஸ்ட் சொல்றா, நான் வாங்கிட்டு வர்றேன். புளி, எள்ளு, தேங்காய். வெங்காயம் வேண்டாமாம், வீட்டுல நிறைய இருக்காம்.

ஜூன் 20, வெள்ளி

படத்தைத் தூக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு சுவர்ல மேல வேற போஸ்டர் ஒட்டிட்டான், ஒரு ஓரத்துல வாழைமரம் மட்டும் தெரியுது. அந்த சீனைக் கடைசி வரைக்கும் திருப்பிச் சேர்க்கல. 'ஒருமுறை பார்க்கலாம்'னு எழுதினவன் பேப்பரை மடிச்சு அலமாரியில விரிச்சேன், சாமான் வைக்க.

ஜபருல்லா கேட்டான், "உன் மருமகனுக்கு அடுத்த படம் கிடைக்குமா?"ன்னு. கிடைக்கும்னேன். எப்படிச் சொல்றேன்னான். எனக்கென்ன தெரியும், வாய் சொல்லிருச்சு. உன் மருமகன்னு அவன் சொன்னதை அப்புறந்தான் கவனிச்சேன்.

ஜூன் 22, ஞாயிறு

வத்தலக்குண்டு போயிட்டு சாயங்காலம் வந்து எழுதறேன். பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு, அதனால மெதுவாத்தான் எழுதணும்.

காலையில வாசல்ல செருப்பைக் கழட்டினேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை அதை நேரா எடுத்து வச்சேன். மாப்பிள்ளை வந்து, "வாங்க மாமா"ன்னு கையைப் பிடிச்சான். இளம்பரிதி. எழுதிட்டேன் பேரை, போதுமா? நெஜமாவே மெலிஞ்சுதான் இருக்கான்.

அபி பட்டுச்சேலையில உட்கார்ந்திருந்தா, கன்னத்துல சந்தனம், முழங்கை வரைக்கும் வளையல். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நியாயந்தானே. வழியெல்லாம் என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்தேன், ஒண்ணும் வரல. கிட்டப் போயி, "எங்க இருந்து வர்றே, எங்க போகணும்?"னு கேட்டுட்டேன். வாய் அப்படிப் பழகிருச்சு, என்ன பண்றது.

அவ தலையைத் தூக்கிப் பார்த்தா. "மெட்ராஸ்ல இருந்து வர்றேன். திண்டுக்கல் போகணும். டிக்கெட் இல்ல"ன்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள உதடு கோணிருச்சு.

"வாம்மா, வீட்டுக்குப் போகலாம்"னேன். அவ்வளவு பேரு முன்னாடி நான் அழுதேன். எழுதி வைக்கிறதுல எனக்கென்ன வெக்கம்?

சாப்பாட்டுக்கு என்னை முதல் பந்தியில உட்கார வச்சாங்க. ஒரு பக்கம் செண்பகம், அன்னைக்குத் திங்காததுக்கும் சேர்த்துத் தின்னா. மாப்பிள்ளையே பாயச வாளியோட வந்தான். வாயைத் திறக்கப் போனவனை, "அந்த வசனத்தைச் சொன்னே, வாளியைப் பிடுங்கிருவேன்"னேன். அப்பளத்தை நொறுக்கிப் போட்டேன். எதிர்ல நின்னு அபி அதைப் பார்த்தா. "அந்த ஆளை டம்ளர்ல குடிக்க வச்சிருக்கீங்க, எங்கப்பா என்னைக்கு டம்ளர்ல குடிச்சாரு?"ன்னு புருஷனைப் பிடிச்சுக்கிட்டா. இந்த ஒரு வாரமா வீட்டுல அவனுக்கு இந்த விமர்சனந்தான் போல.

சாப்பிட்டு முடிச்சேன். பரிமாறுறவங்க, பக்கத்து இலைக்காரங்க, எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு என் கையையே பார்க்கிறாங்க. வீடியோ பார்க்காதவன் ஒருத்தன் பாக்கியில்ல போல. இலையோட அந்தப் பக்கத்தைத் தூக்கி என் பக்கமா மடிச்சேன். எழப் போனவன் திரும்பிப் பார்த்தேன். பின்னாடி பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு.

தண்ணி டம்ளரை எடுத்து, மடிச்ச இலை மேல வச்சுட்டுக் கை கழுவப் போனேன்.